பஞ்சாபியை உருது எழுத்திலா எழுதுகிறார்கள்? ஷாமுகி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: “பாகிஸ்தான் பஞ்சாபிலும் பஞ்சாபிதான் பேசுகிறார்கள். ஆனால் எழுதினால் உருது மாதிரி இருக்கிறது. ஷாமுகி என்பது தனி எழுத்தா, உருது எழுத்துக்கே இன்னொரு பெயரா? அமிர்தசரஸ்காரர் எழுதுவதை லாகூர்காரரால் படிக்க முடியாதா? நான் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும்?”

நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்க்காரர்களும் சந்தித்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், கேலி செய்துகொள்வார்கள், ஒரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். பிரியும்போது ஒருவர் தன் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மற்றவருக்கு அது வெறும் கோடுதான். ஒருவர் இடமிருந்து வலமாகக் குர்முகியில் எழுதுகிறார், மற்றவர் வலமிருந்து இடமாகப் பாரசீக-அரபு எழுத்தில் எழுதுகிறார். அந்தப் பாரசீக-அரபு எழுத்துக்குத்தான் ஷாமுகி என்று பெயர்.

எது சிறுபான்மை, எது பெரும்பான்மை என்பதில் நம் பக்கம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இந்தியாவில் இருந்து பார்க்கும்போது பஞ்சாபி என்றால் குர்முகி, ஷாமுகி ஏதோ எல்லை தாண்டிப் போன கிளை என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் பஞ்சாபியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 3.3 கோடிப் பேர். பாகிஸ்தானின் 2023 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை சுமார் 8.9 கோடி, நாட்டு மக்களில் 37 சதவீதம். அதாவது பஞ்சாபியரில் பெரும்பாலோர் வாழ்வது ஷாமுகிப் பக்கத்தில்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் மொழியை எழுதுவதே இல்லை என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதே அதுதான்.

பெயரைப் பார்ப்போம். குர்முகி என்றால் குருவின் வாயிலிருந்து வந்தது. சீக்கியரின் இரண்டாம் குரு அங்கத் தேவ் (1504–1552) அதை ஒழுங்குபடுத்தினார். ஷாமுகி என்றால் அரசன் வாயிலிருந்து வந்தது. ‘ஷா’ என்பது அரசனை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. புல்லே ஷா, வாரிஸ் ஷா என்று பஞ்சாபிக் கவிஞர்கள் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து பல நூறு ஆண்டுகள் பழையது, பெயர்தான் புதிது. குர்முகிக்கு எதிர்ச்சொல்லாக ஒரு பெயர் தேவைப்பட்ட காலத்தில் ஷாமுகி என்ற பெயர் பரவியது. அதற்கு முன்னால் அதைப் பாரசீக எழுத்து என்றே சொல்லிவந்தார்கள்.

எப்படி எழுதுகிறார்கள் என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறேன். ‘பஞ்சாப்’. பாரசீகத்தில் ‘பஞ்ஜ்’ ஐந்து, ‘ஆப்’ தண்ணீர். ஐந்து ஆறுகளின் நாட்டுப் பெயருக்கு ஷாமுகியில் ஐந்தே எழுத்து: பே, நூன், ஜீம், அலிஃப், பே. முதல் பே நம் ‘ப’. வலது ஓரத்தில் ஒரு சின்னப் பல் போல எழும்பி, அடியில் மூன்று புள்ளி பெறும். அதோடு ஒட்டி இன்னொரு பல், மேலே ஒரு புள்ளி. அது நூன். அங்கிருந்து பேனா கீழே சரிந்து, வளைந்து, அடியில் ஒரு புள்ளியோடு ஜீம் ஆகிறது. ஜீமின் வாலைப் பிடித்துக்கொண்டு நேராக நிமிர்கிற கோடு அலிஃப், அதாவது ‘ஆ’. அலிஃப் தன் இடது பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. அதனால் கடைசி பே தனியாக, ஆற்றில் கிடக்கும் ஓடம் போலப் படுத்திருக்கும், அடியில் ஒற்றைப் புள்ளி. முதல் எழுத்து அதிராத ப, கடைசி எழுத்து ‘பாபா’ என்பதில் வருகிற அதிரும் ப. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அங்கே மூன்று புள்ளியும் ஒரு புள்ளியும் இரண்டையும் பிரிக்கின்றன.

எழுத்துகள் இப்படி மேலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று தொங்குவதற்கு நஸ்தலீக் பாணி என்று பெயர். குர்ஆனில் காணும் நிமிர்ந்த நஸ்க் பாணியிலிருந்து இது வேறு. ஷாமுகியும் உருதுவும் நஸ்தலீக்கில்தான் வரும்.

அந்தச் சொல்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் ‘ப’வுக்குள் இருக்கும் ‘அ’ எங்கும் எழுதப்படவில்லை. குறில் உயிர்களை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். ஜபர், ஜேர், பேஷ் என்று அ, இ, உ மூன்றுக்கும் சின்னக் கோடுகள் இருக்கின்றன. குழந்தைகள் புத்தகத்தில் போடுவார்கள், பெரியவர்கள் எழுத்தில் போட மாட்டார்கள். பஞ்சாபியில் ‘பல்’ என்றால் கணம், ‘புல்’ என்றால் பாலம். ஷாமுகியில் இரண்டும் பே, லாம் என்ற இரண்டே எழுத்து. தமிழில் பல்லையும் புல்லையும் ‘ப்ல்’ என்றே எழுதி, இடம் பார்த்துப் படித்துக்கொள் என்று விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘சிர்’ தலை, ‘சுர்’ இசைச் சுரம், இவையும் எழுத்தில் ஒன்றுதான். நான் குர்முகி கற்றுவிட்டுப் பிறகு ஷாமுகிக்கு வந்தவன். முதல் மாதம் முழுக்க இதில்தான் தடுக்கி விழுந்தேன். மொழி தெரிந்தவர்களுக்கு இது ஒரு தடையே இல்லை, கண் தானாக நிரப்பிக்கொள்கிறது. மொழியை எழுத்து வழியாகக் கற்க வருகிறவருக்குத்தான் கஷ்டம்.

சரி, உருது எழுத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடிப்படையில் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் தமிழர்களுக்கு உடனே புரியும் இடத்தில் இருக்கிறது: ண, ள.

உருதுவிலும் இந்தியிலும் தண்ணீர் ‘பானி’. பஞ்சாபியில் ‘பாணி’, நாக்கை நன்றாக மடித்துச் சொல்லும் ண. ராணி, கௌண் (யார்), ஜாணா (போக) என்று பஞ்சாபி முழுக்க இந்த ண நிறைந்திருக்கிறது. அதேபோல ள. கறுப்பு ‘காளா’, கூட என்பதற்கு ‘நாள்’. உருதுவில் இந்த இரண்டு ஒலிகளும் இல்லாததால் உருது எழுத்து வரிசையிலும் அவற்றுக்கு இடமில்லை. அதை அப்படியே வாங்கிப் பஞ்சாபி எழுதியதால், ண வருகிற இடத்தில் நூன், ள வருகிற இடத்தில் லாம் என்று சமாளித்தார்கள். விளைவு என்ன? ‘மன்’ என்றால் மனம். ‘மண்’ என்றால் நம்மூர் மணங்கு போன்ற ஒரு எடை. பாகிஸ்தானில் இன்றும் கோதுமை விலையை 40 கிலோ கொண்ட ஒரு மண் கணக்கில் சொல்கிறார்கள். வழக்கமான ஷாமுகியில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மனத்தையும் மணத்தையும் ஒரே மாதிரி எழுத நம்மால் முடியுமா?

இதற்குத் தீர்வு இருக்கிறது, அழகான தீர்வு. உருது எழுத்தில் ட வகை ஒலிகளை எழுத ஏற்கெனவே ஒரு வழி உண்டு. சாதாரண எழுத்தின் தலையில் ‘தோய்’ என்ற எழுத்தின் சின்ன வடிவத்தை வைத்துவிட்டால் நாக்கை மடி என்று பொருள். அதே சின்னத் தோயை நூன் மேல் வைத்தால் ண, லாம் மேல் வைத்தால் ள. பழைய விதியையே நீட்டியது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ண எழுத்து 2005இல் யூனிகோடுக்குள் வந்துவிட்டது. ள எழுத்து 2020இல்தான் வந்தது. இருந்தும் பெரும்பாலான புத்தகங்களில் இவை வருவதில்லை. நூனும் லாமும்தான் வருகின்றன, படிப்பவர் தன் வாய்ப்பழக்கத்தில் ண, ள என்று மாற்றிப் படிக்கிறார். (நியாயமாகச் சொன்னால் குர்முகியிலும் ள தனியெழுத்தாக இருந்ததில்லை. ல-வின் காலில் ஒரு புள்ளி வைத்துப் பின்னால் சேர்த்தார்கள், பலர் அந்தப் புள்ளியை வைப்பதில்லை. ஆனால் ண குர்முகியில் முதலிலிருந்தே இருக்கிறது.) காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் அரபுத் தமிழில் எழுதியவர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. அவர்களும் அரபு எழுத்துகளுக்குக் குறி சேர்த்துத்தான் தமிழ் ஒலிகளுக்கு இடம் கண்டார்கள்.

இன்னொரு பக்கம், வேண்டியதற்கு மேல் எழுத்துகளும் உண்டு. ஸ ஒலிக்கு மூன்று எழுத்து. பாடம் என்னும் ‘சபக்’குக்கு சீன், சோப்பு என்னும் ‘சாபண்’ணுக்கு சுவாத், புண்ணியம் என்னும் ‘சவாப்’புக்கு ஸே. வாயில் மூன்றும் ஒன்றுதான். ‘ஜமீன்’, ‘ஜரூர்’, ‘ஜாலிம்’ ஆகியவற்றில் வரும் ஒலிக்கு நான்கு எழுத்து. அரபியில் இவை தனித்தனி ஒலிகள். பஞ்சாபியில் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளமாக மட்டும் நிற்கின்றன. குர்முகியிலிருந்து ஷாமுகிக்குக் கணினியால் மாற்றும்போது இதுதான் தலைவலி. குர்முகியில் ஒரே ஸ இருக்கிறது, மூன்றில் எதைப் போடுவது? எதிர்த்திசையில் மாற்றினால் குறில்கள் இல்லை, பல்லா புல்லா? பட்டியாலாவின் பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் இரண்டு திசைக்கும் மென்பொருள் செய்திருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் நடக்காது. அகராதியும் முன்பின் சொற்களும் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பஞ்சாபியைப் பற்றிப் பேசிவிட்டுத் தொனியைச் சொல்லாமல் போக முடியாது. சீன மொழியைப் போல இதிலும் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். ‘கோடா’ என்பதைத் தட்டையாகச் சொன்னால் சாட்டை, தாழ்ந்து எழும் குரலில் சொன்னால் குதிரை, உயர்ந்து இறங்கும் குரலில் சொன்னால் தொழுநோயாளி. இதைத் தனிக் குறி போட்டு எந்த எழுத்தும் காட்டவில்லை. பழைய எழுத்துக்கூட்டலை வைத்திருப்பதால்தான் தெரிகிறது. குதிரைக்குக் ககர வரிசையின் நான்காம் எழுத்தை எழுதுகிறார்கள், வாயில் வருவது முதல் ககரமும் தாழ்ந்த குரலும். தொழுநோயாளிக்குச் சொல்லின் நடுவில் ஒரு ஹகாரம் எழுதுகிறார்கள், அது ஒலிக்காது, குரலை உயர்த்து என்று மட்டும் சொல்லும். தேநீரான ‘சாஹ்’ என்பதன் கடைசி ஹகாரமும் இப்படித்தான். அதை எடுத்துவிட்டால் ‘சா’, ஆசை. இந்த விஷயத்தில் குர்முகியும் ஷாமுகியும் ஒரே உத்தியைக் கையாள்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்புறம் வரலாறு. முஸ்லிம் என்றால் ஷாமுகி, சீக்கியர் என்றால் குர்முகி என்ற சமன்பாடு இன்றைய நிலை. பழைய காலத்துக்கு அது அப்படியே பொருந்தாது. பஞ்சாபியின் ஆதிகவியாகப் போற்றப்படுபவர் 13ஆம் நூற்றாண்டு சூஃபி பாபா ஃபரீத். அவர் அடங்கிய பாக்பட்டன் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் பாடல்கள் நம் கைக்கு வந்ததோ 1604இல் குரு அர்ஜன் தொகுத்த சீக்கியப் புனித நூலான ஆதி கிரந்தத்தின் வழியாக, அதாவது குர்முகியில். இன்னொரு பக்கம் லாகூரில் ஆண்ட ரஞ்சித் சிங்கின் சீக்கிய அரசு தன் கணக்குவழக்குகளைப் பாரசீகத்தில் வைத்திருந்தது. கசூரில் வாழ்ந்த புல்லே ஷாவும் 1766இல் ஹீர் ராஞ்சா காதலைக் காவியமாக்கிய வாரிஸ் ஷாவும் பாரசீக எழுத்து மரபைச் சேர்ந்தவர்கள், ஆனால் அவர்களைப் பாடாத சீக்கியக் கிராமம் இருந்திருக்காது.

1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே கீழ்க் கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் உருதுவைக் கொண்டுவந்தார்கள். வட இந்தியாவில் உருதுவில் பழகிய அதிகாரிகளுக்கு அது வசதி. பஞ்சாபியை அவர்கள் உருதுவின் நாட்டுப்புற வழக்கு போலப் பார்த்தார்கள். பக்கத்துச் சிந்துவில் நடந்தது வேறு. அங்கே சிந்தி மொழிக்கே அரபு எழுத்தை ஒழுங்குபடுத்தி, 1853இல் 52 எழுத்துகள் கொண்ட வரிசையை நிலைப்படுத்தினார்கள். அதில் ண-வுக்குத் தனியெழுத்து இருக்கிறது. சிந்திப் பிள்ளைகள் இன்றுவரை அதைப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒரே நாடு, ஒரே குடும்பத்து எழுத்து. ஒரு மொழிக்குப் பாடப்புத்தகம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாகூரிலும் அமிர்தசரஸிலும் கல்லச்சு அச்சகங்கள் ‘கிஸ்ஸா’ எனப்படும் மலிவான கதைப்பாடல் புத்தகங்களைப் போட்டுத் தள்ளின. நம்மூர்ப் பெரிய எழுத்துப் புத்தகங்களை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு எழுத்திலும் வந்தன, பாரசீக எழுத்தில்தான் அதிகம். அரசு ஆதரவு, பள்ளிப் பாடம் எதுவும் இல்லாமல் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வளர்ந்த அச்சுலகம் அது. பஞ்சாபி வளராததற்கு ஷாமுகி பொருந்தாத எழுத்து என்பதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

1947க்கு முன் பள்ளி போன பஞ்சாபியரில் பெரும்பாலோர், எந்த மதமானாலும், உருது எழுத்து தெரிந்தவர்களாக இருந்தார்கள். நமக்குத் தெரிந்த உதாரணம் மன்மோகன் சிங். இன்றைய பாகிஸ்தானில் உள்ள காஹ் கிராமத்தில் 1932இல் பிறந்து உருதுவில் படித்தவர். பிரதமராக அவர் ஆற்றிய இந்தி உரைகளை உருது எழுத்தில் எழுதி வைத்துத்தான் வாசித்தார். ஜலந்தரிலிருந்து ‘ஹிந்த் சமாச்சார்’ என்ற உருது நாளிதழ் 1948இல் தொடங்கப்பட்டது, அகதியாக வந்த இந்து, சீக்கிய வாசகர்களை நம்பி. அந்தத் தலைமுறை இப்போது ஏறக்குறைய போய்விட்டது. பேரன் குர்முகி படித்தவன், தாத்தாவின் நாட்குறிப்பும் கடிதங்களும் நஸ்தலீக்கில். பஞ்சாபிக் குடும்பங்களில் பூட்டிய பெட்டி போல அவை கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அரசியல் அதை மேலும் இறுக்கியது. இந்தியப் பஞ்சாபில் 1967 சட்டப்படி ஆட்சிமொழி குர்முகியில் எழுதும் பஞ்சாபி. பாகிஸ்தான் பஞ்சாபில் உருதுவும் ஆங்கிலமும்.

இப்போது நான் முதலில் தள்ளிவைத்த விஷயம். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பஞ்சாபியில் எம்.ஏ. படிக்கலாம். மேல் வகுப்புகளில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். மாகாண அரசே 2004இல் மொழிக்கும் கலைக்கும் ஒரு நிறுவனம் அமைத்திருக்கிறது, அதற்கு வானொலியும் உண்டு. ‘புலேகா’ போன்ற பஞ்சாபி நாளிதழ் வந்திருக்கிறது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை கையில் பஞ்சாபி எழுத்துப் புத்தகம் இல்லை. வீட்டில் ‘பாணி’ கேட்ட குழந்தை பள்ளியில் ‘பானி’ எழுதப் பழகுகிறது. உருது எழுதத் தெரிந்த ஒருவருக்கு ஷாமுகி எழுத இரண்டு நாள் போதும், கூடுதலாக இரண்டே எழுத்து. இருந்தும் படித்த பஞ்சாபியர் பலர் தம் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுவதென்றால் உருதுவில் எழுதுகிறார்கள். எழுத்து தெரியும், மொழி தெரியும், இரண்டையும் சேர்த்துக் காட்ட ஒரு வாத்தியார் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. எழுதாமல் இருப்பதால் எழுத்துக்கூட்டலும் நிலைப்படவில்லை, ஒரே சொல்லை இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகப் பார்க்கலாம்.

அச்சும் நீண்ட காலம் ஒத்துழைக்கவில்லை. நஸ்தலீக்கில் எழுத்துகள் சரிந்து தொங்குவதால் ஈய எழுத்துகளில் கோக்க வராது. காதிப் எனப்படும் எழுத்தர்கள் பக்கம் முழுவதையும் கையால் எழுதி, அதைத்தான் அச்சிட்டார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழ் கணினிக் காலத்திலும் அப்படித்தான் வந்தது. பாகிஸ்தானில் 1981இல் மிர்சா அகமது ஜமீல் ‘நூரி நஸ்தலீக்’ என்ற கணினி எழுத்துருவை உருவாக்கினார். எழுத்துக்கூட்டுகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்த உழைப்பு அது. அதன் பயன் உருதுவோடு ஷாமுகிக்கும் கிடைத்தது. விக்கிப்பீடியாவில் இன்று இரண்டு பஞ்சாபிகள் இருக்கின்றன, எழுத்துக்கு ஒன்று. 2024 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் ஷாமுகிப் பஞ்சாபி தனியாகச் சேர்ந்தது. போனில் பேசிக்கொள்ளும் இளைஞர்கள் பலர் இரண்டையும் விட்டு ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதில் ண-வும் இல்லை, ள-வும் இல்லை, தொனியும் இல்லை.

கடைசிக் கேள்வி, எத்தனை நாள்? உங்களுக்கு உருது எழுத்து தெரிந்திருந்தால் இரண்டு நாள். ஒன்றுமே தெரியாவிட்டால், தினமும் அரைமணி நேரம் வைத்து எழுத்து பிடிபட ஒரு மாதம், தடுமாறாமல் படிக்க ஆறு மாதம். தனி எழுத்துகளை மனப்பாடம் செய்வதில் நாளைக் கடத்தாதீர்கள். எழுத்துகள் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் உருமாறுவதால், சின்னச் சொற்களையே முழு வடிவமாகப் பழகுங்கள். ‘தா’ (உடைய), ‘நூன்’ (-க்கு, -ஐ), ‘விச்’ (உள்ளே). ஒரு பக்கத்தில் இவை கண்ணில் பட்டால் அது உருது அல்ல, பஞ்சாபி என்று உடனே தெரிந்துவிடும். குர்முகி ஏற்கெனவே தெரியுமென்றால் ஃபரீதின் பாடல்களை இரண்டு எழுத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாராவது பாடுவதைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். குறில் எங்கே வருகிறது என்பதைக் காது சொல்லிக்கொடுக்கும். ஷாமுகிப் பக்கத்தில் பே, அலிஃப், நூன், யே என்று ‘பானி’ எழுதியிருக்கும். நாக்கை மடித்து ‘பாணி’ என்று படியுங்கள்.